புகைப்பழக்கம்: இல்லை

கண்ணாடித் துண்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிய எண் மட்டும்தான் என் கைக்கு வரும்.
பெயர் வேறொரு தாளில்.
அந்தத் தாளை நான் பார்ப்பதில்லை.
இந்தச் சின்ன ஊரில்
பார்த்தால் வேலை ஓடாது.

நேற்று பார்த்துவிட்டேன்.
ரெஃபியா. அறுபத்தாறு.
தையல்காரி. எங்களுக்கு மேல்மாடி.
இறப்புக்குக் காரணம்: நிமோனியா.
புகைப்பழக்கம்: இல்லை.

நிஜம்தான். சிகரெட் வாடையே ஆகாது அவளுக்கு.
படிக்கட்டில் யாராவது பற்றவைத்தால்
கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள்.
எரிகிற சிகரெட் தானாக அணையும்.

ஸெனிட்சாவில் துணி காயப்போடுகிறவர்கள்
முதலில் உருக்காலையின் புகைபோக்கியைப் பார்ப்பார்கள்,
வானத்தை அப்புறம்தான்.
புகை ஆற்றுப் பக்கம் சாய்ந்தால் வெள்ளைத் துணி.
நம் பக்கம் சாய்ந்தால் கறுப்புத் துணி.
எப்படிச் சாய்ந்தாலும் ரெஃபியா
ஜன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைப்பாள்,
காலையில் ஒருமுறை, தையல் முடிந்து ஒருமுறை.
பிழிந்த தண்ணீரை ஒருநாள் எனக்குக் காட்டினாள்:
"சர்க்கரை போடவா?"
சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு இருமலில் முடிந்தது.
குளிர்காலத்து விருந்தாளி என்பாள் அந்த இருமலை.
முதலில் இரண்டு வாரம் தங்கிற்று.
பிறகு இரண்டு மாதம்.
கடைசி வருஷங்களில்
அது வீட்டுக்காரனாகிவிட்டது.

ஜன்னலைத் துடைக்கலாம்.

நுரையீரலுக்குள்ளும் துடைக்கிறவர்கள் உண்டு.
பெருவிழுங்கிகள் என்று பெயர்.
கிருமி வந்தால் விழுங்கும்.
தூசி வந்தாலும் விழுங்கும்.
கிருமி செரிக்கும்,
கரி செரிக்காது.
விழுங்கியாயிற்று, இனித் துப்பவும் முடியாது.
வயிறு நிறையக் கரியோடு
நிணநீர் முடிச்சுவரை நடந்துபோய்
அங்கேயே உட்கார்ந்துவிடும்,
ஒன்றன்மேல் ஒன்றாக, நாற்பது வருஷம்.

நுண்ணோக்கியில் பார்த்தேன் அவளுடைய முடிச்சை.
சாயம் ஊதாவாய் ஏறவேண்டிய இடத்தில்
மிளகுப்பொடி கொட்டினாற்போல.
சில இடங்களில் வெளிச்சமே நுழையவில்லை.
காவல் நிலையம் இருக்கிறது,
காவலர்களும் இருக்கிறார்கள்,
தொந்தி தள்ளி, எழ முடியாமல்.
போன ஜனவரியில் எல்லார் வீட்டுக்கும் வந்த காய்ச்சல்
எல்லார் வீட்டிலும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனது.
அவள் வீட்டிலிருந்து
அவளையும் கூட்டிக்கொண்டு போனது.

டாக்டர் முர்வெதா அறிக்கை சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.
"கரிப் படிவு, மிதமானது."
மிதமானதா, டாக்டர்?
"இந்த ஊருக்கு," என்றார்,
அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்தபடி.

என் கணவன் நெஜாத்துக்கு கோக் உலையில் வேலை.
இரண்டு வருஷம் முன்பு உலை பதினோரு நாள் நின்றது.
மூன்றாம் நாள் எதிர்மலை தெரிந்தது,
அதன்மேல் தனித்தனியாகப் பைன் மரங்கள்.
கல்யாணமாகி வந்த பதினான்கு வருஷத்தில்
அவற்றை மரங்களாக நான் பார்த்ததில்லை,
ஒரு பச்சைக் கறை, அவ்வளவுதான்.
மகன் மூச்சுமருந்தை வீட்டிலேயே மறந்துவிட்டுப்
பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்தான்,
ஒன்றும் ஆகவில்லை.
யாருக்கும் சந்தோஷமில்லை.
ரொட்டிக் கடையில் கடன் நோட்டு வெளியே வந்தது.
பத்தாம் நாள் நெஜாத் தன் கடிகாரத்தை விற்றான்.

பன்னிரண்டாம் நாள் காலை
மேல்மாடியிலிருந்து ரெஃபியா கத்தினாள்:
"வந்துவிட்டது! புகை வந்துவிட்டது!"
அவளே முதலில் பார்த்தாள், அவளே கை தட்டினாள்.
அவள் மருமகனும் அங்கேதானே.
நெஜாத் விசிலடித்தபடி படியிறங்கினான்.
அப்பாடா என்று நான் மூச்சை விட்டேன்.

பிறகு இழுத்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.
துவைத்த துணி வாளியிலேயே இருக்கிறது.
மேல்மாடி ஜன்னல் கட்டையில்
விரலால் பெயர் எழுதலாம்போல் படிந்திருக்கிறது.
எந்தப் பக்கம் சாய்கிறது என்று
இன்னும் நான் பார்க்கவில்லை.