நெறி

தொப்புளைச் சுற்றி ஒற்றை விரலால்
வட்டம் போட்டுக் காட்டினாள் தாரிணி.
இங்கே. இல்லை, இங்கே.
யாரோ எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டுப் போன லிஃப்ட் மாதிரி
வலி தளம்தளமாக நின்று நின்று போனது.

திங்கள் மூக்கொழுகல். செவ்வாய் தொண்டை.
புதன் காலை வயிறு என்றாள்.
அன்று சொல்வதெழுதுதல்.
"தென்னையில தேள் கொட்டினா பனையில நெறி கட்டுமா?"
சிரித்துக்கொண்டே காலுறையை மாட்டிவிட்டேன்.
பள்ளிப் பேருந்தின் சன்னலில்
அவள் கையசைக்கவில்லை.

வியாழன் பின்னிரவு, உட்லண்ட்ஸ்.
முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது.
கடற்பாலத்தில் ஜொகூர் லாரிகளின் சிவப்பு விளக்குகள்.
வேலையாய்ப் பினாங்கு போன புனிதா
போன் திரையில், தலை கலைந்து:
"வலப்பக்கம் கீழே அமுக்கிப் பாருங்க.
கையை எடுக்கும்போது வலிக்குதா கேளுங்க."
எங்கே அமுக்கினாலும் வலிக்கிறதாம்.
எங்கள் இருவர் வாயிலும் ஒரே சொல்: குடல்வால்.
இருவரும் சொல்லவில்லை.

டாக்சிக்காரர் ஒவ்வொரு வேகத்தடையையும்
தூங்கும் பூனையைத் தாண்டுவதுபோல் தாண்டினார்.
நானும் பேருந்து ஓட்டுகிறவன்.
எத்தனை வயிறுகளைக் குலுக்கியிருக்கிறேனோ.

டாக்டர் ஃபௌசியா உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கினார்,
பிறகுதான் வயிற்றில் வைத்தார்.
"இறங்கு. ஒற்றைக் காலில் குதி.
கூரையைத் தொடு பார்க்கலாம்."
தாரிணி என்னைப் பார்த்தாள்.
குதித்துவிட்டால்
பொய் சொன்னேன் என்பாயா,
என்று கேட்ட பார்வை.
நான் தரையைப் பார்த்தேன்.
குதித்தாள்.

ஸ்கேன் திரையின் சாம்பலில்
ஊறிய கொண்டைக்கடலைகளாய்ச் சில உருண்டைகள்.
குடல்வாலுக்கு ஒன்றுமில்லை. வைரஸ்தான்.
தண்ணீர் கொடுங்கள், காய்ச்சலுக்கு மருந்து,
ஒரு வாரம், சிலருக்கு இரண்டு, தானாகப் போகும்.
வலி கூடினால், வாந்தி நிற்காவிட்டால், உடனே வாருங்கள்.
அந்த உருண்டைகளுக்கு ஆங்கிலத்தில்
ஒரு நீளமான பெயர் சொன்னார்.
என்னிடம் ஏற்கெனவே ஒரு சின்னச் சொல் இருந்தது.
கேலிக்கென்று வைத்திருந்தேன்.

தேள் தொண்டையில்.
பனை வயிற்றில்.

விடியும்போது எங்கள் புளோக் முன் இறங்கினோம்.
தோளில் சாய்ந்தபடி, கண் திறக்காமல்:
"குதிச்சேன்பா. ஆனா வலிச்சுது."
தெரியும் என்றேன்.
"எப்பத் தெரியும்?"

எதிர் நிறுத்தத்தில்
நான் ஓட்ட வேண்டிய பேருந்து வந்து நின்றது.
வேறு யாரோ ஓட்டினார்கள்.
கதவு திறந்தது,
யாரும் ஏறவில்லை,
மூடிக்கொண்டது.