இருபத்தேழு பெயர்கள்

தீவனப் பையின் முதுகில்
எறும்பெழுத்தில் இருபத்தேழு பெயர்கள்.
ஒன்றுக்குக்கூட வால் கிடையாது என்றாள் ஸ்டெயின்வோர்.

அன்றிலிருந்து
காட் மீன், ஒரு கை பார்லி, உப்பில்லாமல்.
கண்ணாடி நழுவ நழுவ
விரல்நுனியால் தடவி முள்ளெடுப்பாள்.
அவள் தட்டில் நேற்றைய ரொட்டி.
வெங்காயம் ஆகாது, திராட்சை ஆகாது:
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில் ஒரு தாள்.

ஸ்குகி முகர்ந்தது, தின்றது,
காலிக் கிண்ணத்தை நக்கியே
அடுப்புவரை தள்ளிக்கொண்டு போனது.

கதவைத் திறந்தாள். ஐஸ்லாந்துக் காற்று.
ஃபியோர்டின் கரையில்
செத்து மூன்று நாளான கடற்பறவைமேல்
முதுகு தேய்த்துப் புரண்டு,
வாயோரம் ஓர் இறகு ஒட்டியிருக்க
வாலாட்டிக்கொண்டு வந்து நின்றது.

மூக்கைப் பொத்திக்கொண்டு
'இதுவும் இயற்கைதான்' என்றாள்,
வாளியில் வெந்நீர் பிடித்தபடி.