மூன்று நிமிடம்

நாக்கை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள் நான்.
வியன்னாவில், டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில்,
வளைந்த கட்டடத்தின் கண்ணாடிக் கூண்டில்
ஸ்பானியத்தை வாங்கி ஆங்கிலமாகக் கொடுக்கிறேன்.
இடையில் எனக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை.
தொழிலில் ஒரே ஒரு தர்மம்:
பேசுகிறவர் 'நான்' என்றால்
நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

அப்படி
திங்கட்கிழமை நான் ஓர் அமைச்சர்.
பதினெட்டாயிரம் ஹெக்டேர் அழித்தேன்.
செவ்வாய், கடற்படைத் தளபதி.
மூன்று படகுகளைப் பிடித்தேன்,
அதில் ஒன்றை இரண்டு முறை.
புதன் முழுக்க வெறும் அடைப்புக்குறி.
'தீங்கைக் குறைத்தல்':
இந்த இரண்டு சொற்களை
வரைவில் வைப்பதா தூக்குவதா என்று
விடிய விடியச் சண்டை.
சதுர அடைப்புக்குறிக்குள் அவை
லாக்கப்பில் இருப்பதுபோல
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

(என் கைப்பையில்
மூக்கில் பீய்ச்சும் மருந்துக் குப்பி ஒன்று இருக்கிறது.
நின்றுபோன மூச்சைத் திருப்பிக் கொண்டுவருவது.
மகன் இருப்பது கிளாஸ்கோவில்.
குப்பி இருப்பது இங்கே.
ஏன் என்று கேட்காதீர்கள்.)

வியாழன், மாலை ஐந்து ஐம்பது.
பாதி நாற்காலிகள் காலி.
கொலம்பியா, புட்டுமாயோவிலிருந்து
நொஹெமி தராபுவெஸ். விவசாயி. மூன்று நிமிடம்.
கையில் தாள் இல்லை.
தாள் இல்லாதவர்களைக் கண்டால்
எங்கள் கூண்டுக்கே பயம்.

நான் கோக்கா பயிரிட்டேன், என்றேன்.
விமானம் வந்து மருந்து தெளித்தது.
கோக்கா மறுபடி துளிர்த்தது, மரவள்ளி துளிர்க்கவில்லை.
பிறகு ஒப்பந்தம் வந்தது, கையெழுத்துப் போட்டேன்.
நாலாயிரத்து இருநூறு செடி,
என் கையாலேயே வேரோடு பிடுங்கினேன்.
கணக்குக் கேட்பீர்கள் என்று எண்ணி வைத்தேன்.
கேட்கவில்லை.
அன்னாசி நடச் சொன்னீர்கள், நட்டேன்.
காய்த்தது. நன்றாகவே காய்த்தது.
சாலை போடுகிறோம் என்றீர்கள்.
இலையின் பசை முதுகுப்பையில் போய்விடும் ஐயா,
அன்னாசிக்கு லாரி வேண்டும்.
கோவேறு கழுதையில், சேற்றில், பதினோரு மணி நேரம்.
சந்தையில் குளவிகள்தான் வாங்கின.

'ஐயா' என்று அவள் சொல்லவில்லை.
இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக
ஒரு சொல்லை நானாகச் சேர்த்தேன்.

மஞ்சள் விளக்கு.
"என் மூத்தவன், போன மாதம்..."
சிவப்பு.
ஒலிவாங்கி அணைந்தது.

கண்ணாடிக்கு அப்பால்
அவள் உதடு இன்னும் அசைகிறது.
முப்பது நாடுகளின் காதுக்குள்
என் குரல்: என் மூத்தவன், போன மாதம்.
வினைச்சொல் வந்து சேரவில்லை.
போனானா, பிடிபட்டானா,
மறுபடி நட்டானா,
விழுங்கவும் துப்பவும் முடியாத கவளமாய்
வாயில் நிற்கிறது.

தலைவர் நன்றி சொன்னார், ஸ்பானியத்தில்.
ஆகவே நான்தான் அவளுக்கு நன்றி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு.
அந்த இரண்டு சொற்களும்
அடைப்புக்குறியைவிட்டு வெளியே வந்தன.
கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள்.
நானும் தட்டினேன், கூண்டுக்குள், ஓசையில்லாமல்.
தீர்மானம் பதினோரு பக்கம்.
சாலை என்ற சொல்லை அதில் தேடினேன்.

திரும்பும் ரயிலில்
கிளாஸ்கோவுக்கு அழைத்தேன்.
ஒன்பது மணியோசை. பத்து.
தூக்கக் குரலில் யார் என்றான்.
நான், என்றேன்.
எந்த நான் என்று அவன் கேட்கவில்லை.
ரயில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது.