தரையிலிருந்து நாற்பது அங்குலம்

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
உக்ரேனியத் தேவாலயத்தின் கீழ்த்தளம்
புதன் இரவு மட்டும் எங்களுக்கு.
வாடகை இருபது டாலர். நாற்காலியை நாமே அடுக்க வேண்டும்.
மாதிரி ரயில் சங்கம் என்று நூலகத்தில் நான் ஒட்டிய தாளைப் பார்த்து
நான்கு பேர் வந்தார்கள்.
அதில் மெரிடித் யோகா வகுப்பென்று நினைத்து வந்தவள்.
வெளியே இருந்த குளிருக்கு
அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கூட்டத்துக்கு ரயில் வரவில்லை,
சண்டை வந்தது.
எண்பத்தேழில் ஒன்றா, நூற்றறுபதில் ஒன்றா?
சரக்கு வண்டியில் முப்பது வருஷம் பிரேக்மேனாக இருந்த
வால்டர் ஹ்ரின்சுக் சொன்னார்:
"சின்னது கடுகு. என் விரலுக்கு அகப்படாது."
ரோடெலுக்கு ஒற்றை அறை வீடு,
கடுகுதான் கட்டிலடியில் கொள்ளும்.
கை தூக்கினோம். இரண்டுக்கு இரண்டு.
"எனக்குப் பெரியதுதான் கண்ணுக்குத் தெரிகிறது"
என்றாள் யோகாவுக்கு வந்தவள்.

பேனா வைத்திருந்ததால் நான் செயலாளர்.
காப்புறுதி முகவர் குகதாசன்
அடுத்த வாரமே பதினான்கு விதிகளோடு வந்தார்,
ஆளுக்கொரு பிரதி, ஆறாறு பக்கம்.
வண்டி கவிழ்ந்தால் யார் பொறுப்பு
என்பதற்கே மூன்று விதி.
ஏழாவது மட்டும் எனக்குப் பிடித்தது:
அவரவர் வீட்டில் நாலடி நீளம் கட்டலாம்,
நடுவில் அவரவர் இஷ்டம்.
ஓரத்தில் மட்டும்
தரையிலிருந்து நாற்பது அங்குலத்தில் தண்டவாளம்.

பல் மருத்துவமனையில் கழித்துப்போட்ட கொக்கி ஊசியால்
குளிர்காலம் முழுக்கப் பசை தடவினேன்.
நாற்பத்தெட்டு அங்குலத்தில்
ஒரு சொத்தை கிடையாது.

மார்ச்சில் மேசைகள் வந்து சேர்ந்தன.
வால்டருடையது கோதுமைக் கிடங்கு, துரு உட்பட.
ரோடெல் தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தைக் கட்டியிருந்தான்,
ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு.
மெரிடித்துடையது முழுக்க வெள்ளை.
பனியாம். வேலை மிச்சம்.
குகதாசனுடையதில் ஒரு வேலி, உள்ளே வெறும் நிலம்.
"என்ன கட்டப்போகிறீர்கள்?"
"ஒன்றும் இல்லை. என் பெயரில் இருந்தால் போதும்."

சேர்த்து வைத்தோம்.
எல்லார் வண்டவாளமும் தண்டவாளம் ஏறியது.
நான்கு மேசை ஒரே மட்டம்,
விதி எழுதியவர் மேசை மட்டும் எழும்பி நின்றது.
வீட்டுக் கம்பளத்தில் கால் புதைய நின்றது
இங்கே வெறும் சிமென்டில்
கால் அங்குலம் வளர்ந்துவிட்டது.
"அறுத்துவிடலாம்" என்று வால்டர் ரம்பம் எடுத்தார்.
"மற்ற நாலையும் உயர்த்துங்கள்" என்றார் குகதாசன்.
அதற்கும் வாக்கெடுப்பு.
நாலு மேசை, பதினாறு கால்.
கையில் கிடைத்த தாளையெல்லாம் இறுக்கி மடித்துச் செருகினோம்.

குறிப்பேட்டில் என் கையெழுத்து:
ஒன்பது பன்னிரண்டுக்கு வண்டி வேலியைத் தாண்டியது.
மெரிடித் கத்தினாள்.
ஒன்பது பதின்மூன்றுக்குப் பனியில் கவிழ்ந்தது.
யார் பொறுப்பென்று பார்க்க
விதிகளைத் தேடினோம்.
ஐந்து பிரதியும் மேசைக் கால்களுக்கு அடியில்.

அடுத்த கூட்டம் புதன்கிழமை.
மேசையை யாரும் தூக்க வேண்டாம்.