ஓர் அடிச் சதுரம்

கம்பியை வளைத்து ஒரு சட்டம் செய்தேன்,
அடிக்கு அடி.
பழைய மெஷின் அறுத்துப் போன தடத்தில்
பத்து இடத்தில் போட்டு
குத்தவைத்து எண்ணினேன்.
வைக்கோலைத் தள்ளினால்
சேற்றில் பாதி புதைந்து கிடக்கிறது நெல்.
நூற்று முப்பது. நூற்று இருபத்தாறு.
ஒரு சதுரத்தில் நூற்றெழுபது:
அங்கே இன்னும் கொக்கு வந்திருக்கவில்லை.

"கொக்குக்கெல்லாம் நாமதான் சம்பளம் போடுறோம்"
என்றான் பரணிதரன்.
சிரிக்கவில்லை.
போன போகத்தில் நடுவயலில் முக்கால் சக்கரம் புதைந்து,
மண்வாரி வரவழைத்து இழுக்க
அறுநூறு வெள்ளி கொடுத்தவன்.
அன்று மழையில் நின்ற நெல்லுக்கு
ஆலையில் இருபத்தாறு சதவீதம் வெட்டினார்கள்.

பகலில் நான் தோட்டத்து ஆபீசில்
செம்பனைக் குலைக்கு எடை எழுதுகிறவள்.
பாகான் செராய் சாலையில்
எந்த லோரியில் எத்தனை டன் என்று
டயர் நசுங்குவதைப் பார்த்தே சொல்வேன்.
எங்கள் இருபத்திரண்டு ரெலோங்கில்
இத்தனை காலம் சிந்தியதை மட்டும்
எண்ணாமல் இருந்திருக்கிறேன்.

பாரிட் புந்தார் தியோ இரண்டு மெஷின் அனுப்பினார்.
ரப்பர் பட்டையில் ஓடுபவை; ஈர மண்ணில்
வாத்து மாதிரி போகும் என்றார்.
ஒன்று திறந்த இருக்கை.
மற்றது கண்ணாடி அறை, உள்ளே ஏர்கோன்.
விலையில் முப்பத்தெட்டாயிரம் வித்தியாசம்.

ரோஸ்லான் இரண்டையும் ஓட்டினார்.
பதினேழு வருடமாக எங்கள் மெஷினில் உட்காருகிறவர்.
அதன் எஞ்சின் இருமினால்
எந்தக் குழாய் என்று சொல்வார்.
அவர் இருமினால்
நாங்கள் யாரும் எதுவும் சொன்னதில்லை.

பின்னாலேயே சட்டத்தோடு போனேன்.
திறந்தது: சதுரத்துக்கு அறுபத்தொன்று.
கண்ணாடி: அறுபது.
"ஒத்த நெல்லுக்கு முப்பத்தெட்டாயிரமா?"
என்றார் அண்ணி இந்திராணி.
சரிதான்.
அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
கடன், வட்டி, டீசல்,
அடுத்தவர் வயலைக் கூலிக்கு அறுத்தால் வருவது
எல்லாம் எழுதி முடித்து,
திறந்த இருக்கை என்று
அடியில் கோடும் போட்டுவிட்டேன்.

மறுநாள் மெஷின்களைத் திருப்பி ஏற்ற லோரி வந்தது.
ரோஸ்லான் மூக்கில் கட்டியிருந்த
இரண்டு கைக்குட்டைகளும் வேலிக் கம்பியில் காய்ந்தன.
ஒன்று, துவைத்தும் போகாத பழுப்பு.
மற்றது, கண்ணாடி அறைக்குள்ளும்
பழக்கத்தில் கட்டிக்கொண்டது, வெள்ளை.
எனக்குக் காட்டுவதற்காக அல்ல.
வெயில் அங்கேதான் விழும்.

நோட்டைத் திறந்தேன்.
சிந்திய நெல்லுக்கு ஒரு வரிசை இருந்தது.
மண்வாரிக்கு ஒன்று.
கொக்குக்குக்கூட, ஓரத்தில், பென்சிலில்.
அவர் நெஞ்சுக்கு இல்லை.
எண் தெரியாததால் அல்ல.
சட்டத்தை அங்கே போட
எனக்குத் தோன்றவே இல்லை.

ஏழு வருடக் கடனை ஒன்பது என்று மாற்றினேன்.
பதினெட்டு அறுவடை.
பரணி கணக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இருபத்திரண்டு ரெலோங்குக்குக் கண்ணாடி அறை.
ஊர் சிரிக்கும்."
"சிரிக்கட்டும்."
அண்ணி பேசாமல் நோட்டை இழுத்து
நான் போட்ட கோட்டை ரப்பரால் தேய்த்தார்.
பேனாக் கோடு.
அழியவில்லை, தாள்தான் கிழிந்தது.

தியோவுக்குப் போன் போட்டோம்.
ரோஸ்லானிடம் சொன்னபோது
மண்ணைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்:
கண்ணாடியை மூடிக்கொண்டால்
எஞ்சின் சத்தம் சரியாகக் கேட்காதே,
கோளாறு எப்படித் தெரியும்?

எங்களிடம் பதில் இல்லை.
கொட்டகையில் பழைய மெஷின் நிற்கிறது,
இருக்கைப் பஞ்சில் ஒரு பள்ளத்தோடு.
பழைய இரும்புக்காரன் சனிக்கிழமை வருகிறான்.
அதற்குள் பாட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும்,
அது புதுசு.