தாமசம்

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
வாரஸ்யாரம்மா கேட்ட முதல் கேள்வி:
"இதினு முன்பு எவிடெயாயிருந்நு தாமசம்?"
நான் சொன்னேன்,
"பொள்ளாச்சியில. எதிர்வண்டிக்காக
ஒரு மணி நேரம் போட்டுட்டான்."
பொள்ளாச்சி நல்ல ஸ்தலம் என்று தலையசைத்தார்.
சாவி கைமாறியது.

இரண்டு மாதம் ஆயிற்று,
தாமசம் என்றால் இங்கே குடியிருப்பது என்று விளங்க.
அதற்குள் ஒலவக்கோட்டில் அந்தச் சந்து முழுக்க
நான் பொள்ளாச்சிக்காரி.
பால்காரர் அங்கே தேங்காய் என்ன விலை என்று கேட்கிறார்.
நானும் ஒரு விலை சொல்கிறேன்.
சாத்தூர் என் பெட்டிக்கு அடியில்
மடித்தது மடித்தபடி கிடக்கிறது.

பதவி உயர்வு என்றுதான் ஆர்டரில் இருந்தது.
பார்சல் ஆபீசில் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
மங்களூர் மீன்பெட்டி சொட்டிய தரை,
வைக்கோல் சுற்றிய பைக்குகள்,
எந்நேரமும் கீச்சிடும் ஓர் அட்டைப்பெட்டிக் கோழிக்குஞ்சுகள்.
கெடு தாண்டியும் யாரும் எடுக்க வராத சரக்குக்கு
மணிக்கணக்குப் போட்டுக் கட்டணம் எழுதுவது என் வேலை.
"தாமசத்துக்கு நூத்திப்பத்து" என்றேன் ஒருநாள்.
குஞ்ஞலவிக்கா தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்:
"அப்போ ஈ பெட்டியும் இவிடெ தாமசமாயோ?"
ஆமாம் இக்கா.
என்னைப்போல வாடகையும் கொடுக்கிறது.

நேற்றுக்கு இங்கே இன்னலே என்று பெயர்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மார்கழியில் காற்று வந்தது.
கிழக்கிலிருந்து, கணவாய் வழியே, டிக்கெட் எடுக்காமல்,
கரிம்பனைகளை ராத்திரியெல்லாம் அலறவிட்டு.
நம்ம பக்கத்துக் காற்றாச்சே என்று
ஜன்னலைத் திறந்தேன்.
கண்ணில் மண் விழுந்தது.
சாத்தினேன்.

பிரகதீஷ் போனில் கேட்கிறான்,
"ஏம்மா, நீ பேசறது இழுத்து இழுத்து
பாட்டு மாதிரி ஆயிருச்சு?"
அவன் அப்பா பின்னாலிருந்து,
"சிலிண்டர் புக் பண்ணியாச்சான்னு கேளு."
எந்த வீட்டுச் சிலிண்டர் என்று
ஒரு நொடி எனக்குக் குழம்பியது.

நேற்று, இல்லை, முந்தாநாள்,
ராத்திரி ரெண்டு மணி.
தோளில் தூங்கும் பிள்ளையோடு ஒருவர்.
வண்டியிலேயே மனப்பாடம் செய்திருப்பார்:
"சேச்சீ, என்றெ தையல் மெஷின் எவிடெ உண்டு?"
நானும், "ரசீது தரூ, பேரு பறயூ" என்றேன்.
ஒருவர் மலையாளத்தில் ஒருவர் தடுக்கித் தடுக்கி
கால்மணி நேரம் போயிருக்கும்.
அவருக்குச் சாக்கு என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை.
எனக்கும்.

பிள்ளை தும்மியது.
"நூறு" என்றார் அவர்.
"நூறு" என்றேன் நான், அதே மூச்சில்.
மலையாளத்திலும் நூறு நூறுதான்.
இருந்தாலும் தெரிந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்,
"அக்கா எந்தப் பக்கம்?"
பொள்ளாச்சி நாக்கு நுனிவரை வந்தது,
விழுங்கினேன்.
"இங்கதாங்க தாமசம்."
"அத ஏன் கேக்கறீங்க,
எங்களுக்கும் ஈரோட்டுல மூணு மணி நேரம்."

நான் திருத்தவில்லை.
குஞ்ஞலவிக்கா மெஷினைத் தூக்கி வண்டியில் வைத்தார்,
சாக்கிலிருந்து ஒரு நூல்கண்டு உருண்டோடியது,
பிள்ளைக்கு மறுபடியும் ஒரு தும்மல்.

இருநூறு.