ஏறும் வண்டிக்கு வழி

கோயம்புத்தூர் பேக்கிங் கூடத்தில்
ராத்திரி இரண்டு மணிக்கு ஏற்றி முடித்தார்கள்.
வெள்ளைத் தட்டில் ஆறாறு கேரட்,
மேலே இறுக்கி இழுத்த கண்ணாடித்தாள்,
தாளின்மேல் ஒரு மலையின் படம்.
நான் போகவேண்டிய மலைதான்.

நான்கு டிகிரி வைத்துப் பூட்டி
கையெழுத்து வாங்கினார் யூசுப்.
"வழியில திறந்துறாதீங்க, மெஷின் காட்டிக்கொடுத்துரும்."
முதுகுக்குப் பின்னால் உறுமல் தொடங்கியது.
சக்கரத்துக்கு ஓர் எஞ்சின்,
குளிருக்கு ஓர் எஞ்சின்.
இரண்டும் டீசல்தான் குடிக்கும்.

பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசியில்
எதிரே லாரி. கேத்தி மூட்டைகள்.
நனைந்த சாக்கு, இடுக்கில் பச்சைத் தழை,
ரோட்டில் சொட்டியபடி செம்மண் தண்ணீர்.
ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறது ஒதுங்கணும்,
மலைச்சட்டம்.
பாறையோரம் ஒட்டி நின்றான் சகாயம்.
"என்ன லோடு?"
"கேரட்டு."
"நானும் கேரட்டுதான்டா."
"தெரியும். போன வாரம் நீ எறக்குனது."
சிரித்துக்கொண்டோம்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
மண்ணோடு போன கேரட்
தட்டில் வந்த கேரட்டுக்கு வழிவிட்டது.

குன்னூரில் ஒரு டீ.
லாக் புத்தகத்தில் கிலோமீட்டர், லிட்டர், டிகிரி
மூன்று கட்டத்தையும் நிரப்பினேன்.
கேரட் போய்வந்த தூரத்துக்குக் கட்டம் இல்லை.
தட்டு எந்த உலையில் வெந்தது,
தாளை ஒட்டிய சூடு எத்தனை யூனிட்,
கேட்கலாம்.
கேட்டால் சூப்பர்வைசர்
என் பெயரைத்தான் ஒரு கட்டத்தில் எழுதுவார்.

கேத்திப் பக்கம் விடிந்தது. உறைபனி.
புல்லெல்லாம் கல்லுப்பு.
வெளியே ஒரு டிகிரி, பெட்டிக்குள் நான்கு.
திடீரென்று உறுமல் நின்றுவிட்டது.
போச்சு, பழுது என்று
இறங்கி ஓடிப் பார்த்தேன்.
பழுதில்லை.
அதற்கு இங்கே வேலையில்லை.
விடிய விடிய எரித்து
மூடி போட்டு நான் சுமந்து வந்தது
ஏக்கர் ஏக்கராகச்
சும்மா கொட்டிக் கிடந்தது.

கீழ்வயலில் குல்லாவும் கம்பளியுமாக
கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த போஜன்
நிமிர்ந்தார். எட்டு மணிக்கு அவருக்கு லாரி.
"வண்டி நின்னுபோச்சா?"
"இல்லைங்க. பெட்டிதான்."
"உள்ளே என்ன?"

அவர் கையில் மண் ஒழுகும் ஒரு கொத்து.
"ஐஸ்கிரீம்" என்றேன்.

"இந்தக் குளிர்லயா!" என்று
வெகுநேரம் சிரித்தார்.